வரிசையில் ஒரு சிக்கல்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தரும் வழி காட்டமாட்டார்கள். "பத்து பர்சென்ட் கடை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரர் பேரம்கூடப் பேசாமல் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பத்து பர்சென்ட் என்றதும் கமிஷன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தொழில் செய்கிறவர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள். நான் சொல்வது பூச்சி மருந்துப் பவுடரை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைச் செடியில் கம்பளிப்புழு ஏறிவிட்டால், இந்தப் பவுடரைத் துணியில் மூட்டை கட்டி, காலைப் பனி காயும் முன்னால் குச்சியால் தட்டிக்கொண்டே வயலில் நடப்பார்கள். புழு பொலபொலவென்று கொட்டும். அந்தக் காலத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் எந்த வயலில் புழு கொட்டினாலும் அதில் என் பங்கு ஒரு பிடி உண்டு.

படிப்பு எனக்கு அஞ்சாம் வகுப்பு. அதையும் வாத்தியார் முடிக்கச் சொன்னார், நான் முடிக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு உரக்கடையில் மூட்டை இறக்கப் போனேன். மூட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்தே, அந்தக் கடை முதலாளிக்குத் தெரியாததெல்லாம் எனக்குத் தெரிந்துபோயிற்று. பிறகு நான் முதலாளி ஆனேன். தேர் போகிற தெருவில் சொந்தமாக இடம் வாங்கி, கீழே கடை, கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் அறை, மேலே வீடு என்று நானே நின்று கட்டினேன். இஞ்சினியர் வைக்கவில்லை. அதனால்தான் இன்னும் விரிசல் விடாமல் நிற்கிறது.

மகளைப் படிக்க வைத்தேன். படித்த மாப்பிள்ளையாகவே பார்த்தேன். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவர், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். நல்ல பையன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. கல்யாணம் முடிந்து முதல் தடவை விருந்துக்கு வந்தபோது, "காபி சாப்பிடுறீங்களா மாப்ள, டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டையும் ஒப்பிட முடியாது மாமா. வாசனையில காபி ஜாஸ்தி. வயித்துக்குக் கெடுதல்னு பாத்தாலும் காபிதான் ஜாஸ்தி."

என் மனைவி இரண்டையும் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் இரண்டையும் குடிக்கவில்லை. மோர் கேட்டார்.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று ஒருநாள் விசாரித்தேன். விஷ மருந்துகளை வரிசைப்படுத்துவதாம். எது பெரிய விஷம், எது சின்ன விஷம் என்று. இதற்கு ஒரு பட்டமா என்று சிரித்தேன். என் கடையில் ஷெல்ஃபைப் பார்த்தாலே தெரியுமே. டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்டது மேல்தட்டு, பச்சை போட்டது கீழ்த்தட்டு. கவர்மெண்டே கலர் பூசி அனுப்புகிறதை இவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கப்போகிறாராம்.

திருவண்ணாமலை தனி ஜில்லாவாகி சில வருஷம் ஆகியிருந்தது. மகளுக்கு வளைகாப்பு. மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் தூக்கிக்கொண்டு போனோம். அந்தத் தெருவே வாசலில் நின்று எண்ணியது. வளையல் போட்டு, ஆரத்தி எடுத்து, மகளை எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. மாடியில் பின்பக்க அறையைக் கொடுத்தோம், காற்று நன்றாக வரும் என்று. வந்த அன்றைக்கே சொன்னாள்:

"அப்பா, ரூம்ல ஒரே பவுடர் வாசனை."

"அது பவுடர் வாசனை இல்லம்மா. லட்சுமி வாசனை. அந்த வாசனையிலதான் நீ எம்.எஸ்சி. படிச்ச" என்றேன். அவள் போய் ஜன்னலைத் திறந்துவைத்தாள். பேச என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். மாடிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கடைக்குப் பின்னால் மூட்டை அறை வாசலில் போய் நின்றார். அங்கேதான் பத்து பர்சென்ட் மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். நின்றார், கைக்குட்டையை எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். என்னிடம் வந்தார்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. வரிசையில ஒரு சின்ன சிக்கல் இருக்கு."

எனக்கு முகம் சிவந்துபோயிற்று. சீர்வரிசையில் சிக்கல்! நாங்கள் கொடுத்ததில் குறை! தெருவே எண்ணிப் பார்த்த சீரில் குறை! ஆனாலும் பெண்ணைக் கொடுத்தவன் நான், குரலை உயர்த்த முடியுமா?

"சொல்லாதீங்க மாப்ள. எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீங்க வாயால சொல்ற அளவுக்கு நான் விட்டுட்டேன் பாருங்க, அதுதான் தப்பு."

"இல்ல மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சொல்லவே வேணாம்ங்கறேன்!"

அன்றைக்குச் சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஒரு கிரைண்டர் போய் இறங்கியது. மேஜை மேல் வைத்துச் சாய்த்து மாவெடுக்கிற ரகம், அப்போதுதான் ஊருக்கு வந்த புதுசு. கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாம் முன்பே கொடுத்தாயிற்று; விட்டுப்போனது கிரைண்டர்தான் என்று நானும் என் மனைவியும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தோம். மறுவாரம் மாப்பிள்ளை வந்து, "மாமா, நான் அந்த வரிசையைச் சொல்லல. மருந்து வரிசையைச் சொன்னேன்" என்றார். கிரைண்டர் போனது போனதுதான். திருப்பி எடுத்தால் ஊர் என்ன சொல்லும்? "எந்த வரிசையா இருந்தா என்ன, குறை தீந்துதா இல்லையா?" என்று கேட்டேன். அவர் மாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பரவால்ல மாமா" என்று போய்விட்டார்.

அந்த மாசம்தான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு ஏரியில் மீன் மிதந்தது. தண்ணீர் குடித்த மாடுகளும் விழுந்தன. எந்த மருந்தால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லா மருந்தும் எல்லா வயலிலிருந்தும் அந்த ஏரிக்குத்தான் போகிறது. வேங்கிக்காலில் இருந்த விவசாய ஆபீசுக்கு மருந்து வியாபாரிகளைக் கூப்பிட்டார்கள். சங்கத் தலைவர் என்ற முறையில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் செயலாளர், என் எதிர்க்கடைக்காரர். அவருக்கு ஓடுகிற சரக்கு குருணை மருந்து. மணல் மாதிரி இருக்கும், நாற்றங்காலில் தூவுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் இருபது வருஷமாக ஒருத்தர் கடையை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதற்கு நட்பு என்றும் சொல்லலாம்.

அதிகாரி ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசினார்.

"இங்க ஜாஸ்தி விக்கிற மருந்து நாலு. அதுல எது மோசம்னு நீங்களே வரிசை போட்டுக் குடுங்க. முதல் இடத்துல வர்ற மருந்தை இந்தத் தாலுகாவுல யாரும் விக்கறதில்லன்னு சங்கத்துல தீர்மானம் போடணும். போடலன்னா நான் கடை கடையா வர வேண்டியிருக்கும்."

கடை கடையாக வருவது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எதிர்க்கடைக்காரர் உடனே எழுந்தார். "இதுல யோசிக்க இன்னா இருக்கு மேடம், பவுடர்தான். வருஷக்கணக்கா மண்ணை விட்டுப் போறதில்ல."

"குருணையை ஒரு கொக்கு தின்னா அடுத்த வரப்பு தாண்டாது மேடம்" என்றேன் நான்.

"சண்டை போடாதீங்க. கணக்கா யாராவது சொல்லுங்க."

அப்போது எனக்கு ஒரு பெருமை வந்தது. எழுந்து நின்று, "என் மாப்பிள்ளை இதுலதான் டாக்டர் பட்டம் வாங்குறாரு" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவருக்குப் பெண்ணே கொடுத்திருந்தேன்.

எதிர்க்கடைக்காரர் சிரித்தார். "அப்ப தீர்ப்பை மாடியிலயே எழுதிடுவீங்க, நாங்க கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"கணக்கை எல்லாருக்கும் முன்னாடி விளக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா சரி. பட்டியல்ல ஏதாவது மருந்து விட்டுப்போயிருந்தா அடுத்த கூட்டத்துக்குள்ள பேர் குடுங்க" என்று அந்த அம்மா முடித்துவிட்டார்.

ஆக, என் பவுடர் கடையில் இருக்கப்போகிறதா, போகப்போகிறதா என்பது என் மாப்பிள்ளை கையில். எனக்குக் கவலையே இல்லை. கிரைண்டர் சும்மாவா போயிருக்கிறது?

அடுத்த ஞாயிறு டிபனுக்கு முன்னாலேயே மாடிக் கூடத்தில் உட்கார்ந்து, "போடுங்க மாப்ள வரிசையை" என்றேன். என் மனைவியும் மகளும்கூட வந்து உட்கார்ந்தார்கள். அவர் நாலு டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார்.

"மாமா, ரெண்டு விஷயம் பாக்கணும். உடம்புக்குள்ள போனா எவ்ளோ சீக்கிரம் கொல்லுதுங்கறது ஒண்ணு. மண்ணுலயும் உடம்புலயும் எவ்ளோ நாள் தங்குதுங்கறது இன்னொண்ணு. இந்த டம்ளர் மாலத்தியான். ரெண்டுலயும் மத்ததை விட கம்மி. அதனால கடைசி. சந்தேகமே இல்ல."

"சரி."

"இது மோனோ, நெல்லுக்குத் தெளிக்கிற மருந்து. இது குருணை. கொல்றதுலயும் குருணை ஜாஸ்தி, தங்கறதுலயும் குருணை ஜாஸ்தி. அப்ப மோனோவுக்கு மேல குருணை. அதுலயும் சந்தேகம் இல்ல."

"நான் அன்னைக்கே சொன்னேன்!"

"இப்ப பவுடர். கொல்றதுல குருணை, மோனோ ரெண்டையும் விட கம்மி. தங்கறதுல ரெண்டையும் விட ஜாஸ்தி."

"அப்ப பவுடர் மேலயா, குருணை மேலயா?"

எனக்குத் தெரியும் என்ன வருமென்று. என் மகளுக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம்: "ஒப்பிட முடியாது!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை எங்கள் வீட்டில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மார்க் போட்டுக் கூட்டிட வேண்டியதுதானே" என்றேன்.

"எதுக்கு எத்தனை மார்க் மாமா? சீக்கிரம் கொல்றதுக்கு அம்பது, ரொம்ப நாள் தங்கறதுக்கு அம்பதா? யாரு சொன்னது? உங்களை மார்க் போடச் சொன்னா ஒண்ணு போடுவீங்க. எதிர்க்கடைக்காரர் வேற போடுவாரு. அதனால மார்க்கே வேணாம். நிச்சயமாத் தெரிஞ்சதை மாத்தாம, எத்தனை விதமா வரிசை போட முடியுமோ அத்தனையும் போட்டுப் பாக்கணும். ஒவ்வொரு மருந்தும் எந்தெந்த இடத்துல வருதுன்னு பாத்து சராசரி எடுக்கணும்."

நான் கையைத் தட்டினேன். இதற்கா இவர் வெளிநாட்டுப் புத்தகமெல்லாம் வாங்கினார்? எங்கள் வீட்டு விசேஷத்தில் தாம்பூலத் தட்டு நீட்டுகிற கதைதானே இது! பெரியப்பாவுக்குக் கொடுக்காமல் சித்தப்பாவுக்குக் கொடுக்க முடியாது, அது நிச்சயம். ஆனால் பெரியப்பாவுக்கு முன்னால் தாய்மாமனா, தாய்மாமனுக்கு முன்னால் பெரியப்பாவா? வயசில் அவர் ஜாஸ்தி, உரிமையில் இவர் ஜாஸ்தி. ஒருத்தரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் மகள் காதுகுத்தில் தாய்மாமனுக்கு முதல் தட்டு, கிரகப்பிரவேசத்தில் பெரியப்பாவுக்கு. மூணு தலைமுறையாக எங்கள் வீட்டுப் பொம்பளைகள் செய்துகொண்டிருப்பதற்கு இவருக்கு டாக்டர் பட்டம்.

டம்ளர்களை நகர்த்தி நகர்த்திக் காட்டினார். மூன்றே வரிசைதான் போட முடிந்தது. மாலத்தியான் எப்போதும் கடைசி. குருணை எப்போதும் மோனோவுக்கு முன்னால். பவுடர் மட்டும் நினைத்த இடத்தில் நின்றது. ஒரு வரிசையில் முதலிடம், ஒன்றில் இரண்டாவது, ஒன்றில் மூன்றாவது. சராசரி சரியாக இரண்டு. குருணை இரண்டு வரிசையில் முதலிடம், ஒன்றில் இரண்டாவது. சராசரி ஒன்று புள்ளி சொச்சம். மோனோ மூன்றுக்குக் கொஞ்சம் உள்ளே.

"ஆக, முதலிடம்?"

"சராசரிப்படி குருணை மாமா. ஆனா..."

"ஆனாவெல்லாம் வேணாம். இட்லி சாப்பிடுங்க."

செய்தி மாடியிலிருந்து தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? என் மனைவி கீரைக்காரம்மாவிடம் சொன்னாள், அது போதும். மறுநாளே எதிர்க்கடைக்காரர் விட்டுப்போன மருந்து என்று ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். "அஞ்சு பர்சென்ட் பவுடர்." என் பத்து பர்சென்ட்டின் தம்பி. யாரும் வாங்குவதில்லை.

மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தார். குருணையும் பத்து பர்சென்ட்டும் சராசரியில் சரிசமமாக வந்து நின்றன.

"அதெப்படி மாப்ள? என் பவுடர்ல ஒரு மாத்தமும் இல்லையே?"

"பத்து பர்சென்ட்டுக்குக் கீழ நிச்சயமா ஒண்ணு சேந்துடுச்சு மாமா. அது குருணைக்குக் கீழதான்னு நிச்சயமாச் சொல்ல முடியாது. கீழ இருக்கிறது ஜாஸ்தியாக ஆக, மேல இருக்கிறது சராசரியில ஏறும்."

இதை நான் ஒரு விநாடியில் பிடித்துக்கொண்டேன். ஊரில் யார் பெரிய மனுஷன் என்று எப்படி முடிவாகிறது? அவர் என்ன செய்தார் என்றா பார்க்கிறார்கள்? அவருக்குப் பின்னால் எத்தனை பேர் கைகட்டி நிற்கிறார்கள் என்றுதானே? ஒருத்தரைத் தலைவராக்க அவரைத் தூக்கிவிட வேண்டியதே இல்லை, அவருக்குக் கீழே பத்துப் பேரைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் போதும். கட்சிக்காரர்கள் லாரி வைத்துச் செய்கிறார்கள். எதிர்க்கடைக்காரர் பேனா வைத்துச் செய்துவிட்டார்.

அடுத்து எறும்புப் பொடி என்று எழுதிக் கொடுத்தார். அதுவும் என் பவுடருக்குச் சின்னத் தம்பி. இப்போது என் பவுடர் முதலிடம்! நான் விடுவேனா? குருணைக்குக் கீழே உட்காருகிற மாதிரி, சீக்கிரம் கொல்லும் ஆனால் சீக்கிரம் போய்விடும் ரகத்தில், நாலு தெளிப்பு மருந்து எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்றை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, கம்பெனிக் காலண்டரில் படித்தது. எதிர்க்கடைக்காரர் பீரோவில் துணிக்குப் போடுகிற அந்துருண்டையைக் கொண்டுவந்து என் பவுடருக்குத் தம்பி என்றார். நான் கொசுவர்த்தியைக் குருணையின் காலடியில் உட்கார வைத்தேன். இரண்டு பேரும் கடைவாசலில் உட்கார்ந்தபடியே சண்டை போட்டோம்.

"இன்னா தலைவரே, நாளைக்கு விபூதியைச் சேக்கப்போறீங்களா?"

"உங்களுக்கு வேணும்னா சேத்துக்கங்க செயலாளரே. ரொம்ப நாள் தங்கும்!"

பாவம், மாப்பிள்ளை. டம்ளர் பற்றவில்லை. வரிசைகள் ஆயிரக்கணக்கில் போகின்றன என்று கல்லூரிக் கம்ப்யூட்டரிடம் போனார். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனி அறை, ஏ.சி., மேலே போர்வை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டுமாம். அது கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் வந்து, மாடிக்குப் போய், இறங்கி வந்து, மூட்டை அறைப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு, "இந்த வாரம் பவுடர் மாமா", "இந்த வாரம் குருணை மாமா" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிவிட்டுப் போவார். ஆள் இளைத்துப்போனார். ஆராய்ச்சி செய்தால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் வந்தது. அதிகாரி அம்மா பட்டியலைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"அந்துருண்டையை எந்தப் பயிருக்குப் போடுவீங்க?"

எதிர்க்கடைக்காரர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"கொசுவர்த்தி கொளுத்தி வச்சா கம்பளிப்புழு ஓடிடுமா தலைவரே?"

நானும் மின்விசிறியைப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா பேனாவை எடுத்து, இந்த ஊர் வயலுக்குப் போகாத பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் பழைய நாலுதான் மிஞ்சியது. "இதுக்குச் சொல்லுங்க சார்" என்று மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் எழுந்து, கரும்பலகையில் மூன்று வரிசையையும் எழுதி, நிதானமாக விளக்கினார். பேச்சு வராத மனுஷன், சாக்பீஸ் கைக்கு வந்ததும் என்னமாய்ப் பேசினார்! சராசரியில் குருணை முதலிடம், பவுடர் இரண்டாவது.

நான் துண்டை எடுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டேன். எதிர்க்கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "மாடியில எழுதின தீர்ப்புதானே" என்று முணுமுணுத்தார். அதோடு கூட்டம் முடிந்திருக்க வேண்டும். அந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்டார்.

"சார், சராசரி இருக்கட்டும். இந்த மூணு வரிசையும் சரியா இருக்க வாய்ப்பு இருக்குங்கறீங்க. அப்ப முதலிடத்துக்கு வர வாய்ப்பு எத்தனை மருந்துக்கு இருக்கு?"

மாப்பிள்ளை சாக்பீஸைக் கீழே வைத்தார். கரும்பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை லேசாக ஆட்டினேன். 'ஒப்பிட முடியாது' என்று சொல்லுங்கள், அதுதான் உங்களுக்கு நன்றாக வருமே என்று. எத்தனை நாள் அந்த வார்த்தையைச் சொல்லி என் உயிரை வாங்கியிருக்கிறார்! சொல்ல வேண்டிய நேரம் வந்திருக்கிறது, சொல்லுங்களேன்!

"ரெண்டுக்கு மேடம்" என்றார். குரல் ஆடவே இல்லை. "குருணை ஒண்ணு. பவுடர் ஒண்ணு."

"அப்ப ரெண்டையும் நிறுத்திடலாம்" என்று அந்த அம்மா எழுதிவிட்டார்.

வெளியே வந்ததும் எதிர்க்கடைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "உங்க மாப்பிள்ளை பெரிய ஆளுதான் தலைவரே. இருபது வருஷமா தெருவுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இருந்த நம்ம ரெண்டு பேரையும் ஒரே வரிசையில நிக்க வச்சிட்டாரு" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவரால் முடிந்தது.

ஆட்டோவில் நானும் மாப்பிள்ளையும். வேங்கிக்கால் ஏரிக்கரை தாண்டியது. நான் ஆரம்பித்தேன்.

"மாப்ள. நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

அவர் அதற்குப் பதில் சொல்லாமல், "மாமா, மூட்டையெல்லாம் எப்ப எடுப்பாங்க?" என்றார்.

"எந்த மூட்டை?"

"பின்னாடி ரூம்ல இருக்கிற பவுடர் மூட்டை. அது மேலதான் அவ படுத்திருக்கா. நேர் மேல." என் பக்கம் திரும்பினார். "அந்தப் பவுடர் உடம்புல தங்கும் மாமா. கொழுப்புல தங்கும். பால்ல வரும். பொறக்கப்போறது குடிக்கிற பால்ல."

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"இதை ஏன் மாப்ள முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே மாமா. வளைகாப்பு முடிஞ்ச அடுத்த வாரமே வந்து சொன்னேன். வரிசையில சிக்கல்னு ஆரம்பிச்சேன். எங்க கணக்குல உங்க பவுடர் எங்க வருதுன்னு சொல்லிட்டு, அப்படியே மூட்டையைப் பத்திச் சொல்லலாம்னு. நீங்க கிரைண்டர் வாங்கிட்டீங்க."

பார்த்துக்கொள்ளுங்கள் படித்தவர்கள் லட்சணத்தை. "மாமா, அந்த மூட்டைகளை வேற எடத்துல வைங்க." இவ்வளவுதான் வாக்கியம். மாமனாரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை; மரியாதையாம். அதற்குப் பதிலாக நாலு டம்ளர், மூன்று வரிசை, செருப்பை வெளியே விட்டுப் போகிற கம்ப்யூட்டர், ஒரு அதிகாரி, கரும்பலகை, ஜில்லா ஆபீஸ் கூட்டம். ஒரு தாலுகாவுக்கே பவுடரை நிறுத்தினால்தான் ஒரு அறையிலிருந்து மூட்டையை எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இந்த மூளையை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பார்.

தீர்மானத்தில் மாசக் கடைசிவரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் அன்றைக்கு மத்தியானமே, சரக்கைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வண்டியைக் கூப்பிட்டேன். அவகாசம் என்பதெல்லாம் மூட்டை தூக்கத் தெரியாதவர்களுக்கு. ஆட்கள் வரத் தாமதமானது. முதல் மூட்டையை நானே தூக்கி வண்டியில் போட்டேன். அந்த வயசில் எத்தனை பேர் தூக்குவார்கள், சொல்லுங்கள். மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூக்கினோம். அவருக்குத் தூக்கத் தெரியவில்லை, கையால் தூக்குகிறார். முதுகால் தூக்க வேண்டும் என்று அதட்டினேன். மாடி ஜன்னலிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, லட்சுமியை எங்க அனுப்புறீங்க?"

"நீ கதவைச் சாத்து, தூசி வரும்" என்றேன்.

"நான் வந்த அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சாத்தினாள். இந்த வீட்டில் எல்லோரும் எப்போதோ சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு சில வருஷம் கழித்து கவர்மெண்டே அந்தப் பவுடரை நாடு முழுக்க நிறுத்திவிட்டது. டில்லியில் எத்தனை டாக்டர் பட்டம் சேர்ந்து கணக்குப் போட்டார்களோ. நாங்கள் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டோம். தமிழ்நாட்டில் கவர்மெண்டை முந்திக்கொண்ட பவுடர்க் கடை என்னுடையதாகத்தான் இருக்கும். எதிர்க்கடைக்காரரும் இதையே சொல்லித் திரிகிறார் என்று கேள்வி. அவர் நிறுத்தியது மாசக் கடைசியில். நான் நிறுத்தியது அன்றைக்கு மத்தியானம். இதை ஒப்பிடலாம்.

பேரன் பிறந்தான். புண்ணியாவாசனம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்கு மறுபடி தாம்பாளம் தாம்பாளமாகப் போனோம். தெரு மறுபடி எண்ணியது. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, சபையில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன்: "என்ன மாப்ள, வரிசையில சிக்கல் ஏதாவது இருக்கா?"

சம்பந்தி வீட்டார் திகைத்துப்போனார்கள். என் மனைவி கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார்.

"இருக்கு மாமா. அந்த கிரைண்டர்ல கல்லு ஆடுது. மாத்திக் குடுங்க."

ஒரே வரி. டம்ளர் இல்லை, சராசரி இல்லை, மேடம் இல்லை. மறுநாளே மாற்றிக் கொடுத்தேன்.